கண்டதும் கேட்டதும்: தமிழில் பயண நூல் எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

பயண நூலாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு பயண நூலில் ஆசிரியர் தாமே கண்டது எது, உள்ளூரார் சொல்லக் கேட்டது எது, வேறு நூலிலிருந்து எடுத்தது எது என்பது வாசகருக்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்ற கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து பத்துப் பகுதிகளில் எழுதிய பௌசானியாஸ், பல இடங்களில் இந்த வேறுபாட்டைக் காட்டியே எழுதினார். படிக்க இனிமையானவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். சிலைகளின் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். ஆனாலும் அகழாய்வாளர்கள் இன்றுவரை கையில் வைத்திருக்கும் நூல் அது.

கிரேக்க நாட்டின் ஆர்கேடியாப் பகுதியில் ஃபிகாலியா என்ற ஊருக்கு அருகே யூரினோமி என்னும் தெய்வத்தின் கோவில் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் மட்டுமே திறக்கப்படுவது. அந்த விழா நாளில் தாம் அங்கே செல்ல வாய்க்கவில்லை என்றும், சிலையைத் தாம் பார்க்கவில்லை என்றும் எழுதிவிட்டு, அது பொற்சங்கிலியால் கட்டப்பட்ட மரச்சிலை, இடைவரை பெண்ணும் அதற்குக் கீழே மீனுமாக அமைந்தது என ஊரார் சொன்னதைத் தனியே தருகிறார். லெபாதியா என்ற ஊரில் ட்ரொஃபோனியஸ் என்னும் குறிசொல்லும் தெய்வத்திடம் குறி கேட்பவர்கள் நிலத்தடிக் குழிக்குள் இறங்கும் முறையை விரிவாக விவரித்த பிறகோ, இது கேள்விப்பட்ட செய்தி அன்று, தாமே குறி கேட்டு வந்ததாகவும் பிறர் கேட்டதைப் பார்த்ததாகவும் குறிப்பிடுகிறார். கிரேக்கர் சொல்வதை எடுத்துரைப்பது தம் கடமை, அதையெல்லாம் நம்புவது கடமை அன்று என்பதும் அவர் கூற்றே. அவருக்கும் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் முற்பட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் சொன்னதும் அதுதான்.

இந்தக் கவனத்தின் பயன் பிற்காலத்தில் தெரிந்தது. மைசீனி என்ற பழைய கோட்டை நகரில், ட்ராய் போர்க் கதையில் வரும் அதன் அரசன் அகமெம்னானும் அவனோடு கொல்லப்பட்டவர்களும் மதிலுக்கு உள்ளேயும், கொன்றவர்கள் சற்று வெளியேயும் புதைக்கப்பட்டதாக பௌசானியாஸ் எழுதியிருந்தார். அது ஊரைச் சூழ்ந்த வெளிமதில் என்று அறிஞர் பலர் கருதியிருக்க, கோட்டை மதிலையே அவர் சொல்கிறார் என்று கொண்ட அகழாய்வாளர் ஹைன்ரிஷ் ஷ்லீமன் 1876-இல் கோட்டையின் சிங்க வாயிலுக்கு உட்புறம் தோண்டியபோது பொன் முகமூடிகளோடு குழிக் கல்லறைகள் வெளிப்பட்டன. அவை ட்ராய் போரின் மரபுக் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டவை. ஆகவே அகமெம்னானுடையவை அல்ல. புதைக்கப்பட்டவர் யார் என்பதில் மரபு தவறியது. கண்ணால் கண்ட மதிலை வைத்துச் சொன்ன இடம் தவறவில்லை. மறு ஆண்டு ஒலிம்பியாவில், குழந்தைத் தெய்வம் டயோனிசசை ஏந்திய ஹெர்மிஸ் என்னும் தெய்வத்தின் பளிங்குச் சிலை, பௌசானியாஸ் குறிப்பிட்ட ஹேரா கோவிலிலேயே கிடைத்தது. அது சிற்பி பிராக்சிடிலீஸ் செய்த மூலச் சிலைதானா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

பௌசானியாஸ் நூலகத்தில் அமர்ந்து பிறர் நூல்களைப் பார்த்து எழுதியவர் என்று ஜெர்மானியரான விலமோவிட்ஸ் போன்ற பெரும் அறிஞர்களே பழித்ததுண்டு. அகழாய்வுகள் அப்பழியைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன.

நம்மவர் நன்கு அறிந்த, பண்டைக் கடல்வணிகருக்கான வழிகாட்டி நூலாகிய செங்கடல் பெரிப்ளூசையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். பெயர் தெரியாத அந்தக் கிரேக்க எழுத்தாளர், முசிறி கடலிலிருந்து ஆற்றுவழியே இருபது ஸ்டேடியம் (கிரேக்கரின் நீள அளவை) தொலைவில் இருப்பதையும், மேற்குக் கரையின் மற்றொரு துறையான நெல்கிண்டாவிலிருந்து வரும் கப்பல்கள் ஆற்றின் ஆழமின்மையால் முகத்துவாரத்தில் நின்று சரக்கேற்றுவதையும் மாலுமிக்குரிய துல்லியத்தோடு சொல்கிறார். கிழக்குக் கரைக்கு வந்ததும் கமரா, பொதுகே, சோபட்மா என்று துறைமுகப் பெயர்களைச் சொல்லி விரைந்துவிடுகிறார்; அதற்கும் அப்பால் குதிரைமுக மனிதரும், நரமாமிசம் உண்பதாகச் சொல்லப்படும் நீள்முகத்தாரும் வந்துவிடுகின்றனர். நம் ஊர்ப் பெயர் உள்ள வரியை மட்டும் எடுத்து மேடையில் முழங்கும் நாம், அவர் எங்கே கண்டு எழுதினார், எங்கே கேட்டு எழுதினார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய பயண நூல்களில் தலபுராணமும் கல்வெட்டுச் செய்தியும் வழிகாட்டி சொன்ன கதையும் இணையத்தில் எடுத்ததும் ஒரே குரலில் கலந்து வருவதை அடிக்கடி காண்கிறேன். கதைகளை நீக்கச் சொல்லவில்லை. மீனுடல் தெய்வத்தைப் பற்றி ஊரார் சொன்னதை பௌசானியாஸ் விட்டுவிட்டிருந்தால் நமக்கல்லவா இழப்பு? சொன்னவர் எந்த ஊரார் என்பதையும், நீங்கள் சென்ற மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். மதில், குளம், ஆறு போன்ற நிலையான அடையாளங்களை வைத்து இடத்தைக் குறியுங்கள். பதிப்பாசிரியர்கள் கையெழுத்துப்படியைப் படிக்கும்போதே, “இதை நீங்கள் பார்த்தீர்களா?” என்று ஓரத்தில் எழுதிக் கேளுங்கள். கோவில் பூட்டியிருந்ததால் உள்ளே செல்ல இயலவில்லை என்று ஓர் ஆசிரியர் எழுதியிருந்தால், அந்த வரியை வெட்டாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பயண நூல்களின் வாசகர் ஒருவர்