அளவுகோலை வாசலிலேயே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். தீம் பார்க்குகளைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. தலைகீழாகச் சுழலும் ரோலர் கோஸ்டரின் படமும் பெரிதாக இருந்தது. ஆனால் எத்தனை சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளையை அதில் ஏற்றுவார்கள் என்ற தகவல் எங்கும் இல்லை. அந்தத் தகவல் கைக்குக் கிடைக்காமல் போனால் ஒரு குடும்பத்தின் நாள் என்ன ஆகும் என்று நேரில் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மகள், மாப்பிள்ளை, பேத்தி, பேரன், நான் என ஐந்து பேரும் ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். பேத்திக்கு அப்போது ஐந்தரை வயது, பேரனுக்கு மூன்று. குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும் ரோலர் கோஸ்டர் ஒன்றின் வீடியோவைப் பேத்தி அம்மாவின் போனில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு மாதம் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. முதல் பெட்டியில்தான் உட்காருவேன் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதில் ஏற 112 செ.மீ. உயரம் வேண்டும் என்று மாப்பிள்ளை விசாரித்து வைத்திருந்தார். கிளம்பும் அன்று அவள் எழுந்ததும் கதவு நிலையோரம் நிறுத்தி, தலைக்கு மேல் பென்சில் கோடு போட்டு டேப்பால் அளந்தோம். சரியாக 112. அவள் துள்ளியதைப் பார்க்க வேண்டுமே.

மதியம் இரண்டு மணிக்கு அந்த ரைடின் வரிசையில் நின்றோம். 55 நிமிடம். பேரன் என் தோளிலேயே தூங்கிவிட்டான். ரயில் வந்து நிற்கும் மேடைக்கு நான்கு படி முன்னால்தான் அளவுகோல் இருந்தது. அங்கே நின்ற ஊழியர் சின்ன வயதுத் தம்பி. "பாப்பா, ஷூவைக் கழற்றிட்டு இங்க வந்து நில்லுங்க" என்றார். பேத்தி பலகையில் முதுகை ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்து, மோவாயைத் தூக்கி நின்றாள். குதிகால் இரண்டும் துளி மேலே எழும்பியிருந்தன. அந்தத் தம்பி குனிந்து அவள் குதிகாலை இரண்டு விரலால் மெல்லத் தொட்டார். "காலைத் தரையில வைம்மா." குதிகால் இறங்கியது. குறுக்குச் சட்டத்துக்கும் அவள் தலைமுடிக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி.

"அரை சென்டிமீட்டர்தானே தம்பி, காலையில வீட்ல அளந்தப்போ சரியா இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. "என் கையில இல்ல சார்" என்றார் அவர். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். "விடுங்க மாப்பிள்ளை" என்று நான்தான் சொன்னேன். பேத்தி அழவில்லை. உட்கார்ந்து ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். வெளியே போகத் தனி வழி கிடையாது. வந்த வரிசையின் ஊடாகவே, நிற்கும் ஒவ்வொருவரிடமும் வழி கேட்டுக் கேட்டுத் திரும்பி நடந்தோம். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். வெளியே வந்து, சுவர் ஓரமாகத் திரும்பி நின்றுகொண்டு அழுதாள்.

எங்கள் டேப் பொய் சொல்லவில்லை, அவர்கள் அளவுகோலும் பொய் சொல்லவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் நாம் நிற்கவும் நடக்கவும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். இரவு படுத்ததும் பழையபடி உப்பிக்கொள்ளும். ஆகவே காலையில் எழுந்ததும் இருக்கிற உயரம் பகல் போகப் போகச் சற்றுக் குறையும். பெரியவர்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே குறையலாம். பிள்ளைகளுக்கும் குறையும். இது எனக்கே பிறகுதான் தெரிந்தது. பிள்ளையின் உயரம் எல்லைக்கோட்டில் இருந்தால் காலை அளவை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன்.

அந்தத் தம்பி செய்தது நூற்றுக்கு நூறு சரி. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 31 ஆண்டுகள் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கதவின் பூட்டு விழுந்தால்தான் லிஃப்ட் நகரும். ரைடுகளிலும் அதே ஏற்பாடுதான். மடிமேல் இறங்கும் கம்பி பூட்டிக்கொண்டால்தான் பல ரைடுகள் கிளம்பும். ஆனால் கம்பி பூட்டியதா என்பதைத்தான் இயந்திரம் பார்க்கும். அந்தக் கம்பி பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அப்பாவும் மகளும் ஒரே கம்பிக்குக் கீழே உட்கார்ந்தால், கம்பி அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் மகளின் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் பெரிய இடைவெளி. பூட்டு விழுந்துவிட்டது, பச்சை விளக்கு எரிகிறது, பிள்ளையோ கம்பிக்குள் அடங்காமல் இருக்கிறது.

ரோலர் கோஸ்டர் தொடங்கிய காலத்தில் இவ்வளவு வேகம் இல்லை. 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் ஓட்டிய வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர் போனது. மனிதன் ஓடும் வேகம்தான். பிறகு ஜான் மில்லர் என்ற பொறியாளர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்து 1919-இல் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறி இறங்கினாலும் வண்டி தண்டவாளத்தை விட்டு எழாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் எழுவார். அவரை இருக்கையில் நிறுத்தி வைப்பவை கம்பியும் பெல்ட்டும் மட்டுமே. அந்தக் கம்பி எந்த அளவு உடம்புக்குப் பொருந்தும் என்று கணக்குப் போட்டுத்தான் 102, 107, 112, 122 என்று உயர எல்லை வைக்கிறார்கள். எண்கள் இப்படி ஒழுங்கில்லாமல் இருப்பதற்குக் காரணம், அவை 40, 42, 44, 48 அங்குலங்கள் என்பதுதான். யாரோ மனம்போன போக்கில் எழுதியவை அல்ல.

அன்று எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு தந்தை என்ன செய்தார் தெரியுமா? மகனின் ஷூவைக் கழற்றி, டிக்கெட் உறையை நாலாக மடித்து, காலுறைக்குள் குதிகாலுக்கு அடியில் திணித்தார். அந்தப் பையன் "குத்துதுப்பா" என்றான். "கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கோ" என்றார். கெட்டவர் இல்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, மகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்தார். நான் அவரிடம் மடிக்கம்பியைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் காகிதத்தை வெளியே எடுத்துவிட்டார்.

ஆசிரியர் அவர்களே, அந்தத் தந்தையை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது அளவுகோல் இருந்த இடம்தான். நுழைவாசலில் ஒரே ஓர் அளவுகோலும், அளக்க ஒரு ஆளும் போதும். ஒவ்வொரு பிள்ளையையும் காலையில் ஒருமுறை அளந்து, உயரத்துக்கு ஏற்ற நிறத்தில் கையில் பட்டை கட்டிவிட்டால், எந்த ரைடுக்குப் போகலாம், எதற்குக் கூடாது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். சில பார்க்குகளில் இந்த வழக்கம் இருக்கிறது. செலவு அதிகம் ஆகாது. வரிசையின் கடைசியிலும் அளக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல்முறை அளப்பது அங்கேயாக இருக்கக் கூடாது. அழுகிற பிள்ளையும் சண்டை போடுகிற தகப்பனும் ரைடை ஓட்டுகிற ஊழியரின் கவனத்தைக் கலைத்தால், அது அந்த வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஆபத்து.

இந்த ஆண்டு மறுபடியும் போனோம். வேறொரு பார்க்கு. இந்த முறை திட்டம் என்னுடையது. முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரையும் வெறுங்காலோடு அளந்தேன். பார்க்கின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடின் உயர எல்லையையும் மகள் பார்த்துச் சொல்ல, ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஏறக்கூடியவை ஏழு. பேத்தி மட்டும் ஏறக்கூடியவை மூன்று. மற்றவற்றின் பெயரைக்கூட வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அந்த ஏழிலிருந்துதான் நாளைத் தொடங்கினோம்.

தன் மகள்கள் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். அந்த எண்ணத்தில் உருவான டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. சேர்ந்து ஏறுவதற்காக வந்த இடத்தில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியவர்களுக்கான ரைடில் ஏற மகளும் மாப்பிள்ளையும் ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. ஒருவர் ஏறி வரும்வரை இன்னொருவர் பிள்ளையோடு இருந்துவிட்டு, மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளப் பல பார்க்குகளில் அனுமதிக்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

கதவு திறக்கும் நேரத்துக்கே போய், முதலில் பார்க்கின் கடைக்கோடிக்கு நடந்தோம். கூட்டம் வாசலருகே இருக்கும் ரைடில் தேங்கி நிற்கும்போது உள்ளே காலியாக இருந்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே நான்கு ரைடு முடிந்தது. அதற்குப் பிறகு பேரன் ஒரு நீரூற்றைக் கண்டுபிடித்தான். தரையிலிருந்து தண்ணீர் எங்கே பீறிடும் என்று தெரியாது. அவன் குனிந்து ஓட்டையில் கையை வைத்துக் காத்திருப்பான். பக்கத்து ஓட்டையில் பீறிடும். நாற்பது நிமிடம் அதையே விளையாடினான். அவனைக் கிளப்ப வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். வாங்கிய டிக்கெட்டுக்கு எல்லா ரைடும் ஏறியாக வேண்டும் என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் மனம் வேதனைப்படுகிறது. நாம் ஓர் அடி வைத்தால் மூன்று வயதுப் பிள்ளை இரண்டு மூன்று அடி வைக்க வேண்டும். நமக்குக் கால் வலிக்கும்போது அதற்கு எப்படி இருக்கும்?

வரிசையில் நிற்கும் நேரத்தைப் பற்றியும் தொழில் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். லிஃப்ட் தாமதம் என்று புகார் வரும் கட்டடங்களில் லிஃப்டுக்கு எதிரே ஒரு கண்ணாடியை மாட்டிவிடுவது வழக்கம். வேகம் கூடாது, புகார் மட்டும் குறையும். நிற்பவர்களுக்குப் பார்க்க ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது. பிள்ளைக்கும் அப்படித்தான். என் பையில் ஒரு நூல்கண்டு வைத்திருந்தேன். விரல்களில் நூலை மாட்டி வலை பின்னக் கற்றுக்கொடுத்தேன். முக்கால் மணி நேர வரிசையில் அழுகையே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய உடுப்போடு பிள்ளைகளைக் காலையிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. நம் போன் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். ஊழியர்களின் சீருடையைக் காட்டி, காணாமல் போனால் இவர்களிடம் போ என்று சொல்லிவையுங்கள். தண்ணீர் விளையாட்டு இருந்தால் நீல நிற நீச்சலுடை வேண்டாம், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் நல்லது. மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். உயிர்காப்பாளர் நிற்கிறார் என்று நாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்களை நம்பாதீர்கள்.

மதியம் ஒன்றரைக்கு, இரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டோம். மாப்பிள்ளைக்கு அரை மனதுதான். வண்டி ஏறிப் பத்து நிமிடத்தில் இருவரும் தூங்கிப்போனார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில் எந்த ரைடின் படத்தைப் போட்டாலும், அதன் கீழே உயர எல்லையைச் சென்டிமீட்டரில் அச்சிடுங்கள். வாசலில் அளவுகோல் வைத்திருக்கும் பார்க்குகள் எவை, வைக்காதவை எவை என்று தங்கள் நிருபர்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது. வைக்காதவர்களிடம் ஏன் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லிஃப்ட் பராமரிப்புத் தொழிலாளி ஒருவர்