கம்பளிக்காகவா மனு கொடுத்தார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கனடாவின் மிக்மாக் பழங்குடியினர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பசியிலும் குளிரிலும் தவித்தவர்கள் காலனி அரசிடம் நிவாரணம் கேட்டார்கள், அரசும் கம்பளி, உருளைக்கிழங்கு என்று ஏதோ கொடுத்தது என முடித்திருக்கிறார் கட்டுரையாளர். சரி, கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த வறுமை எங்கிருந்து வந்தது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1760, 1761-இல் பிரிட்டிஷாரோடு சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் அவர்கள். நிலத்தை எழுதிக்கொடுத்ததாக அவற்றில் எங்கும் இல்லை. அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்ததும் அங்கே பிரிட்டிஷ் பக்கம் நின்ற விசுவாசிகள் ஆயிரக்கணக்கில், மிக்மாக் மக்கள் வாழ்ந்த கிழக்குக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வந்து இறங்கினார்கள். காடும் ஆற்றங்கரையும் அந்தக் குடியேறிகளுக்குப் போயின. வேட்டையும் அதோடு போயிற்று.

1841 ஜனவரியில் மிக்மாக் தலைவர் பௌசமி பெமினவீட்டின் மனு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. விக்டோரியா ராணிக்கு நேரடியாக எழுதியது. ‘என் தோணி சிறியது, பெருங்கடலைத் தாண்டி வர முடியாது. ஆயிரம் பிறைக்கு மேல் கண்ட கிழவன் நான்’ என்று தொடங்குகிறார். வேட்டையாட நீர்நாயும் இல்லை, பீவர் என்ற நீர்வாழ் விலங்கும் இல்லை. குளிர்காலத்தில் குடிசையைச் சூடாக்க ஒரு மரம் வெட்டவும் வெள்ளைக்காரன் தயவு வேண்டியிருக்கிறது என்கிறார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர்களே உங்களிடம் இன்னும் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்களாமே, நான் கேட்பதில் என்ன ஆச்சரியம் என்று ஒரு குத்தலும் உண்டு. கடிதத்தோடு வாம்பம் என்ற சிப்பிமணிக் கோவையையும் அனுப்பினார். அந்த மக்கள் வேறு நாட்டாரோடு பேசும்போது வாக்குக்குச் சாட்சியாகக் கொடுப்பது அது. கையேந்துகிறவர் அதை அனுப்ப மாட்டார்.

லண்டன் விசாரித்தது. நோவா ஸ்கோஷியாவின் தலைநகர் ஹாலிஃபாக்ஸில் இருந்த சட்டமன்றம் 1842-இல் பழங்குடியினருக்காக ஒரு சட்டம் போட்டது, அதன்படி அரசியல்வாதி ஜோசப் ஹோ அவர்களுக்கான ஆணையரானார். அடுத்த வருடமே அவர் விலகிவிட்டார். அப்புறம் உருளைக்கிழங்கு நோய் வந்து பயிரை அழித்தது.

1849-இல் மிக்மாக் தலைவர்கள் பலர் சேர்ந்து ஹாலிஃபாக்ஸுக்கே மனுவோடு வந்தார்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுக்கு முன் சமாதானத்துக்குச் சம்மதித்தோம் என்று ஒப்பந்தத்திலிருந்தே கணக்கைத் தொடங்கினார்கள். ‘எங்கள் முகாம்களில் நீங்கள் ஊர் கட்டினீர்கள், எங்கள் முன்னோர் கல்லறைகளை உங்கள் கலப்பை உழுகிறது. எங்களைச் சோம்பேறி என்கிறீர்கள், வேட்டைக்குப் போவது வேறு, இறைச்சி கிடைப்பது வேறு’ என்றார்கள். இதற்கு என்ன பதில் தெரியுமா? பத்து வருடம் கழித்து, அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கே விற்க வழிசெய்து இன்னொரு சட்டம்!

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், டொனால்ட் மார்ஷல் வழக்கைப் பாருங்கள். 1993-இல் உரிமமின்றி விலாங்கு மீன் பிடித்து விற்றதாக அந்த மிக்மாக் மீனவர்மீது வழக்குப் போட்டார்கள். 1999-இல் கனடா உச்ச நீதிமன்றம், அதே 1760-61 ஒப்பந்தங்களை வைத்தே அவரை விடுவித்தது. காலத்தை ஓட்டுமளவுக்கு மீன் பிடித்து விற்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றது. அப்படியும் 2020-இல் நோவா ஸ்கோஷியாவின் செயின்ட் மேரிஸ் விரிகுடாவில் சிங்கி இறால் பிடிக்கப் போன மிக்மாக் மீனவர்களோடு மற்ற மீனவர்கள் மோதினார்கள்.

1841, 1849 மனுக்களை முழுமையாகத் தமிழில் வெளியிட்டால் நன்றாக இருக்கும். கட்டுரையாளரே அதைச் செய்யலாம்.

– ஒரு வாசகர், மதுரை