எண்ணெய்க் கப்பலின் வயது தொட்டியில் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நடுக்கடலில் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் கொடுக்கும் ஐஎன்எஸ் ஜோதி 1996-இல் நம் கடற்படையில் சேர்ந்தது, ஆகவே அதன் காலம் முடிந்தது என்கிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய்க் கப்பலுக்கு ஆண்டுக்கணக்கு பாதி உண்மைதான்.

மற்றக் கப்பல்களுக்குக் கொடுக்கும் டீசல் நிற்கும் தொட்டி அவ்வளவு சீக்கிரம் கெடாது. எண்ணெய்ப் படலமே தகட்டைக் காக்கும். அடியில் தேங்கும் தண்ணீர்தான் குழி பறிக்கும். தொல்லையெல்லாம் பாலாஸ்ட் தொட்டியில். போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் கொடுக்கக் கொடுக்கக் கப்பல் இலேசாகி மேலெழும். நிலை தடுமாறாதிருக்க இந்த பாலாஸ்ட் தொட்டியில் கடல்நீரை ஏற்றுவார்கள். மறுபடி எண்ணெய் நிரப்பும்போது வெளியேற்றுவார்கள். இப்படி நனைந்து காய்ந்து, வெல்டிங் ஓரங்களிலும் தகட்டு விளிம்புகளிலும் முதலில் பெயின்ட் உரியும். துருவைத் தடுக்க உள்ளே பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் உதவும். காலித் தொட்டியில் ஈரக்காற்று அரிப்பதை அவற்றால் தடுக்க முடியாது.

தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தகட்டின் கனத்தை அளக்கும்போது 12 மி.மீ. தகடு 9-க்கு இறங்கியிருந்தால் வெட்டி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தொட்டிக்குள் இறங்குமுன் காற்றையும் அளக்க வேண்டும்: துரு ஆக்சிஜனைத் தின்றுவிடும். 21 சதவீதத்துக்குச் சற்றே குறைந்தாலும் ஆளை இறக்கக் கூடாது.

2011-இல் கடற்படைக்கு வந்த எண்ணெய்க் கப்பல்களான தீபக்கும் சக்தியும் இரட்டைச் சுவர்க் கப்பல்கள். கசிவைத் தடுக்க அது நல்லதே. ஆனால் இரு சுவர்களுக்கு நடுவிலுள்ள இடுக்குதான் பெரும்பாலும் பாலாஸ்ட் தொட்டியாகிறது. பரப்போ அதிகம், உள்ளே புகுந்து பெயின்ட் அடிப்பவரைக் கேட்டால் சொல்வார்.

ஓடிக்கொண்டே எண்ணெய் கொடுக்க இரு கப்பல்களுக்கிடையே இழுத்துக் கட்டும் கம்பிவடமும் ஏமாற்றும். கிரீஸ் உள்வரை இறங்காவிட்டால் உள்ளிழைகளே முதலில் அறும், வெளியே பளபளவென்றிருக்கும். ஆனால் வடத்தை மாற்றிவிடலாம், தொட்டியை மாற்ற முடியாது.

2023-இல் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுக்குக் கொடுத்த கடற்படைக்கான ஐந்து புதிய துணைக் கப்பல்களில் இரண்டு, நம் கட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளத்தில் உருவாகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 44,000 டன். அவை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதில் பாதி இப்போதே தீர்மானமாகும். பாலாஸ்ட் தொட்டிப் பெயின்டுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வணிகக் கப்பல்களுக்கு வைத்த கன அளவு 320 மைக்ரான், எதிர்பார்க்கும் ஆயுள் 15 ஆண்டு. அது நிற்க வேண்டுமானால் கூரான விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, ஸ்ப்ரேக்கு முன்பே அங்கெல்லாம் பிரஷால் ஒரு கை அடித்திருக்க வேண்டும். கெடு நெருங்கும்போது முதலில் விட்டுப்போகிற வேலையும் இதுதான்.

இப்படிக்கு,
வாசகர், எண்ணூர்