கொலையுண்டவனே துப்புத் துலக்கும்போது

அன்பின் நண்பருக்கு,

கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மீண்டும் வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதை அறிந்து பெருமகிழ்ச்சி அடைந்தேன். இங்கே அனைவரும் நலம். நான் அனுப்பிய, இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக்கவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேடா’ நாவலைப் பாதியில் மூடிவைத்துவிட்டு, செத்தவனே ஆவியாகத் திரிந்து துப்பறிந்தால் அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியை இரண்டு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை.

தாமும் துப்பறியும் கதைகள் எழுதிய ரொனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், 1929இல் அவ்வகைக் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளிலேயே, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். நியாயமான விதிதான். ஆவி வந்து கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிட்டால் வாசகருக்கு வேலையே இல்லை. ஆனால் ஆவிக்கும் கட்டுப்பாடுகளை விதித்து, அவற்றை முன்கூட்டியே வாசகரிடம் சொல்லிவிட்டு, கடைசிவரை ஆசிரியர் அவற்றை மீறாதிருந்தால், நொக்ஸ் எதிர்பார்த்த நேர்மைக்குக் குறைவு வராது என்றே நான் கருதுகிறேன்.

மாலி போர்ப் புகைப்படக்காரன். 1990இல், கழுத்தில் உடைந்த கமரா தொங்க, மறுவுலக அலுவலகம் ஒன்றில் கண்விழிக்கிறான். கூச்சலும் நெரிசலுமாக வரிசைகள். கேட்ட கேள்விக்குப் பதில் தராத கவுண்டர்கள். ஒரு கையொப்பத்துக்காக அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கால்கடுக்க நின்ற நமக்கு அந்த இடம் புதிதாகத் தோன்றாது. அவனது உடல் கொழும்பின் பேரை வாவியில் கிடக்கிறது. கொன்றது யார் என்பது அவனுக்கு நினைவில்லை. அதைக் கண்டறிய அவனுக்குக் கிடைத்திருப்பது ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள் மட்டுமே. தன் உடல் போன இடங்களுக்கும், தன் பெயர் உச்சரிக்கப்படும் இடங்களுக்கும் மட்டுமே அவனால் போக முடியும்.

இந்தக் கடைசி விதியில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. மற்றத் துப்பறிவாளர்கள் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பார்கள். மாலியோ, உயிரோடிருக்கும் யாராவது தன் பெயரைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அவனைப் பற்றிப் பேசுகிறவர் எவராயினும், காதலனோ தாயோ பொலிஸ்காரரோ, அந்தக் கணமே அறியாமல் சாட்சியாகிவிடுகிறார். வாய்திறக்காதவரின் மௌனம் அவருக்கு அரணாகிவிடுகிறது. காணாமற்போனவர்களின் பெயரை அயலவர் காதில் விழும்படி சொல்லவே வீடுகள் அஞ்சிய காலத்தை எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான விதியை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்டு, மொரட்டுவைக் கடற்கரையில் உடலாகக் கிடைத்த ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவை இதை வாசிக்கும் எவரும் நினைத்துக்கொள்வார்கள். அவருடைய தாயார் மனோராணி சரவணமுத்து நீதிகேட்டு எவ்வளவோ போராடியும் அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அதுபோலவே, மறுவுலகக் கவுண்டரில் மாலிக்கு வழிகாட்டும் விரிவுரையாளர் ராணி ஸ்ரீதரனைப் பார்க்கும்போது, ‘முறிந்த பனை’ நூலாசிரியர்களில் ஒருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவருமாகிய ரஜனி திராணகம, 1989 செப்டெம்பர் 21 அன்று சுடப்பட்டது என் நெஞ்சில் வந்து நின்றது. விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்காத நாட்டில், கொலையுண்டவனே தன் வழக்கை எடுத்து நடத்துகிறான். இதை மாயாஜாலம் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

குறை இல்லாமலில்லை. நடுப்பகுதியில் பேய்களின் கூட்டம் பெருகி, கொலையின் நூல் சிலநேரம் கைநழுவுகிறது. நீங்கள் மூடிவைத்ததும் அங்கேதான் என்று ஊகிக்கிறேன். 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவல் என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் மாலி ஒளித்துவைத்த புகைப்படப் பெட்டியை யார் யார் தேடுகிறார்கள், ஏன் தேடுகிறார்கள் என்பதை மட்டும் கவனமாகப் பின்தொடருங்கள். கடைசி நிலவுக்கு வருமுன், கொலையாளி யாரென்று நீங்கள் நினைப்பதை எழுதி அனுப்புங்கள். அதுவரை நான் எதையும் சொல்லப்போவதில்லை.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்