கயலுக்கு, புலியைப் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

உன் கவிதைத் தொகுப்பில் படங்களையெல்லாம் கடைசியில் தனியாகச் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே, பிடித்த கவிதை என்று, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் 'புலி'யையும் அனுப்பியிருந்தாய். நீ அனுப்பியது வெறும் எழுத்து. அவர் அச்சடித்த பக்கத்தைத் தேடிப் பாரம்மா.

வலது ஓரத்தில் ஒரு மரம். அதன் கிளைகள் பத்திகளுக்கு நடுவே நீளும். அடியில் புலி. கவிதையில் நெருப்பு, சம்மட்டி, உலை, உன்னைப் படைத்தவன் யார் என்ற நடுக்கம். கீழே நிற்பதோ கொலுப்படியில் வைத்த பொம்மை மாதிரி ஒரு சாதுப் புலி! அவருக்குப் புலி வரைய வராது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏழு வருஷம் செதுக்குவேலை பழகிய கை அது. கவிதை பயப்படுகிறது, படம் "எதற்குப் பயம்?" என்கிறது. எழுத்தை மட்டும் படித்தால் இந்தச் சண்டையே காதில் விழாது.

அச்சுக்கோத்துப் பிழைத்தவன் என்பதால் எனக்கு அவர் செய்முறைமேல் தனி மயக்கம். எங்கள் அச்சகத்தில் எழுத்து ஒருவர் கோப்போம், படத்துக்கு பிளாக், அதாவது படம் பதித்த அச்சுக்கட்டை, வேறு இடத்திலிருந்து வரும். அவர் காலத்திலும் ஈய எழுத்துக்கு ஓர் அச்சு, செம்புத் தகட்டுப் படத்துக்கு வேறு அச்சு. பிளேக் இரண்டையும் ஒரே தகட்டுக்குக் கொண்டுவந்தார். அமிலம் அரிக்காத திரவத்தைத் தொட்டு, எழுத்தை இடம் வலமாகப் புரட்டி எழுதி, பக்கத்திலேயே கொடியும் குழந்தையும் வரைந்துவிடுவார். மேலே அமிலத்தை ஊற்றினால் மற்ற இடம் அரித்து, எழுதியதும் வரைந்ததும் ஒன்றாக மேடாக நிற்கும். இறந்துபோன தம்பி ராபர்ட் கனவில் வந்து சொல்லிக்கொடுத்த வழி என்பாராம். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

அச்சான தாள்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவதில் மனைவி கேத்தரினும் கூட இருந்தார். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட பெண். கணவரிடமே எழுதப் படிக்கக் கற்றவர். 1789-இல் இப்படி அச்சாகி வந்த 'களங்கமின்மைப் பாடல்கள்' (Songs of Innocence) தொகுதியின் விலை, 1793-இல் பிளேக் வெளியிட்ட பட்டியலில் ஐந்து ஷில்லிங். வாங்கியவர்கள் சொற்பம்.

அதில் பிறந்து இரண்டே நாளான குழந்தை பேசும் பாட்டு ஒன்று உண்டு. யாரோடு பேசுகிறது என்று வரிகளில் இருக்காது. படத்தில் விரிந்த ஒரு பெரிய பூ. அதற்குள் மடியில் குழந்தையோடு தாய், எதிரே சிறகு முளைத்த ஓர் உருவம். பாட்டு சொல்லாததைப் படம் சொல்கிறது.

உன் தொகுப்பையும் இதை வைத்தே பார்த்தேன். பாட்டி கவிதைக்கு நீ போட்ட காலி நாற்காலி அந்த வரிகளுக்குள்ளேயே இருக்கட்டும், கடைசிக்குத் தள்ளாதே. மழைக் கவிதைக்கு மழையையே வரைந்திருக்கிறாய், அதை எடுத்துவிடு.

லண்டனில் இருந்துகொண்டு இதையெல்லாம் திரையில் பார்ப்பானேன்? பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சுப்படங்களுக்கென்று வாசிப்பறை இருக்கிறது. முன்கூட்டி எழுதிக் கேள். பிரதிக்குப் பிரதி புலியின் நிறம் மாறும். அங்கே என்ன நிறம் என்று எனக்கு எழுது. அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததா?

அன்புடன்,
அப்பா