சொன்ன வேலை எத்தனை, தந்த வேலை எத்தனை?

பின்தங்கிய வட்டாரங்களில் தொழில் வளர்க்க நிதி ஒதுக்கும் அரசுகளுக்கும் தொழில்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் இரண்டு எண்களை அறிவிக்கிறீர்கள்: இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை. ஒரு வேலைக்கு அரசு எவ்வளவு கொடுக்கிறது என்ற மூன்றாவது எண் மட்டும் மேடை ஏறுவதே இல்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017இல் ஃபாக்ஸ்கான் நிறுவனத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் சலுகை தர முன்வந்தது. நிறுவனம் சொன்னது 13,000 வேலை. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது இலக்கு 1,454 ஆகச் சுருங்கியது. சலுகையின் உச்சவரம்பு 8 கோடி டாலராக இறங்கியது. நான் இதில் பார்ப்பது வேறொன்றை. மாநிலத்தின் வரிச்சலுகை ஆளெடுத்துக் காட்டிய பிறகே கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி தப்பியது. உள்ளூர் ஆட்சி அமைப்புகளோ கடன் வாங்கி நிலத்துக்கும் சாலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கொட்டின. அது வேலை வரும் முன்பே செலவாகிவிட்டது. நிபந்தனை எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

முதலீடு பெருத்தால் வேலையும் பெருகும் என்பது பழைய நம்பிக்கை. இத்தாலி தன் தென்பகுதிக்காக 1950இல் தனி நிதியமே தொடங்கியது. பாசனம், சாலை, குடிநீர் என்று ஆரம்பித்து, பிறகு எஃகு ஆலைகளுக்கும் பெட்ரோ வேதியியல் ஆலைகளுக்கும் போனார்கள். பணத்தை விழுங்கிய அளவுக்கு அவை சுற்றுவட்டாரத்தில் சிறுதொழில்களை வளர்க்கவில்லை. ‘பாலைவனத்துப் பேராலயங்கள்’ என்று இத்தாலியர்களே அவற்றை நொந்துகொண்டார்கள்.

கால வரம்பையும் பாருங்கள். ஜெர்மனியின் போகும் (Bochum) என்ற நகரில் மானியம் பெற்று இயங்கிய ஆலையை மூடப்போவதாக நோக்கியா 2008 தொடக்கத்தில் அறிவித்தது. வேலைகளைக் காக்க வேண்டிய நிபந்தனைக் காலம் 2006இலேயே முடிந்திருந்தது!

சம்பளப் பட்டியலைக் காட்டி, வேலை தந்ததை நிரூபித்தால்தான் பணம் என்று கெடுபிடி செய்தால் நிறுவனம் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்பீர்கள். போகலாம். சம்பளப் பட்டியலைக் காட்டத் தயங்கும் நிறுவனம் போவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. வணிக இரகசியம் என்றும் சொல்வீர்கள். தயாரிப்பு முறை இரகசியமாகவே இருக்கட்டும். பொதுப்பணம் வாங்கிக்கொண்டு எத்தனை பேரை நிரந்தரமாகவும் எத்தனை பேரை ஒப்பந்தத்திலும் வைத்திருக்கிறார்கள் என்பதில் என்ன இரகசியம்?

புதிய திட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சென்ற நிதியாண்டில் மானியம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை, சொன்ன வேலை, தந்த வேலை என்ற இரண்டு பத்திகளோடு, அடுத்த வரவுசெலவு அறிக்கையில் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்துவோரில் ஒருவர்