ஆப்பிரிக்கப் பறவைகளுக்கு அந்த மண்ணின் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்புகளிலும் சிறுவர் பக்கங்களிலும் ஆப்பிரிக்கக் காட்டுயிர்களைப் பற்றிய கட்டுரைகள் தொடர்ந்து வருவது மகிழ்ச்சி. ஆனால் பறவை என்று வந்துவிட்டால் ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டி அச்சிடுகிறோம்; இல்லையென்றால் அதையே துண்டுபோட்டுத் தமிழாக்குகிறோம். லிவிங்ஸ்டன் டுராக்கோ, டென்ஹாம் கானமயில், ரூப்பல் பாறு என்று ஐரோப்பியர் பெயர்களாக வரிசைகட்டி நிற்கின்றன. அந்தப் பறவைகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்கள் அவற்றை எப்படி அழைக்கிறார்கள் என்பது நம் வாசகருக்குத் தெரிவதே இல்லை. தப்பித்தவறி வந்தாலும் 'ஆப்பிரிக்க மொழியில் இதற்கு இன்ன பெயர்' என்று எழுதிவிடுகிறார்கள். சுமார் 2000 மொழிகள் வழங்கும் கண்டத்தில் 'ஆப்பிரிக்க மொழி' என்று ஒன்று கிடையாது. எந்த மொழி என்று சொல்லாத பெயரால் யாருக்கும் பயனில்லை.

அந்தப் பெயர்கள் சும்மா ஒட்டப்பட்ட சீட்டுகள் அல்ல. பறவையை அடையாளம் காணும் வழியையே பெயருக்குள் வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் வசந்தம் தொடங்கியதும் செம்மார்புக் குயிலின் ஆண் மூன்று சுரங்களில், மேலிருந்து கீழாக இறங்கும் குரலில் விடாமல் கூவும். ஜூலு மொழியில் அதன் பெயர் உபெசுகோம்கோனோ. 'கைமேல்' என்று பொருள். மண்வெட்டியை எடு, விதைப்புக்கு நேரமாகிவிட்டது என்பது அதன் அழைப்பு. அதே மூன்று சுரங்களை டச்சு வழிவந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியினர் 'பீட்-மை-ஃப்ரௌ' என்று கேட்டு அதையே பெயராக்கிக்கொண்டார்கள். எருமையின் முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைக்கு ஜூலுவில் இஹ்லாலன்யாத்தி, அதாவது எருமைமேல் தங்குவது. தேன்கூடு இருக்குமிடத்துக்கு மனிதரை அழைத்துச்செல்லும் தேன்காட்டிப் பறவைக்கு, தென்னாப்பிரிக்காவின் இன்னொரு மொழியான ஷோசாவில் இன்டாகோபூசி: இன்டாகா பறவை, உபூசி தேன்.

தேன்காட்டியை இன்னும் கொஞ்சம் கவனிக்கலாம், ஏனென்றால் பெயரோடு, மக்கள் அதை அழைக்க எழுப்பும் ஒலியும் ஊருக்கு ஊர் மாறுகிறது. மொசாம்பிக்கின் வடக்கே நியாசா பகுதியில் யாவோ தேனெடுப்பவர்கள் நாக்கை உருட்டி 'ப்ர்ர்ர்' என்று நீட்டி, 'ஹ்ம்' என்று முடிப்பார்கள். 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேறு ஒலிகளை எழுப்பி நடந்தபோது பறவை வழிகாட்ட முன்வரும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம்; இந்த ஒலியை எழுப்பியபோது 66 சதவீதம். தான்சானியாவின் ஹட்சா மக்களோ சீழ்க்கையடித்து அழைக்கிறார்கள். பறவை அதே இனந்தான். எனவே இத்தகைய செய்தியில் நாட்டின் பெயர் மட்டும் போதாது. எந்த மக்கள், எந்தப் பகுதி என்பதும் வேண்டும்.

தவறு பெரும்பாலும் நுழைவது ஒரு பெயருக்கு ஒரே இனம் என்று எடுத்துக்கொள்ளும்போது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் 'தாய்' என்ற சொல் கழுகுக்கும் உண்டு, பாறுக்கும் உண்டு. 'கொரோங்கோ' நாரையையும் குறிக்கும், பெருங்கொக்கையும் குறிக்கும். நம் செய்திகளிலும் பாறு என்னும் பிணந்தின்னிப் பறவையைக் கழுகு என்றுதானே எழுதுகிறோம். இரண்டு மங்கல்களும் சேர்ந்தால், நஞ்சு வைத்த பிணத்தைத் தின்று பாறுகள் செத்த செய்தி, கழுகுகள் செத்த செய்தியாக வாசகரிடம் போய்ச் சேர்கிறது. பிணத்தைத் தின்றதா, இரையைப் பிடித்ததா, கழுத்தில் இறகு உண்டா என்று மூலச் செய்தியில் தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இன்னோரிடத்தில் பிரிவு கூர்மையாகவே இருக்கும். நைஜீரியாவின் இக்போ மொழியில் எக்பே பருந்து, உகோ கழுகு. பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும் என்ற அவர்களுடைய புகழ்பெற்ற பழமொழியில் இரண்டையும் 'கழுகு' என்று எழுதினால் பழமொழியே போய்விடும்.

ஆண்-பெண் வேறுபாடும் பருவமும் அடுத்த குழி. ஜூலு தலையணிகளில் செருகப்படும் நீண்ட கரிய இறகுகள் இசாகபூலா என்னும் நீள்வால் விதவைப்பறவையுடையவை. ஆண் அந்தக் கோலத்தில் இருப்பது இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே. மற்ற மாதங்களில் பெண்ணைப் போலவே பழுப்புக் கீற்றுகளோடு, நீண்ட வால் இல்லாமல் திரியும். அப்போது படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் சிட்டுபோன்ற சின்னப் பறவைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு சொல்தான் வரும். அதைக் குறித்துக்கொண்டு 'உள்ளூர்ப் பெயர் இதுவே' என்று எழுதுவது தவறு. தானியப் பயிரைக் கூட்டங்கூட்டமாக அழிக்கும் செவ்வலகு குவேலியாவுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா மொழியில் ஜன் பாக்கி, 'சிவந்த வாய்'. பெயர் பொருத்தமானதுதான், ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணின் அலகு மஞ்சளாகிவிடும். மஞ்சள் அலகைப் பார்த்து வேறு இனம் என்று படவிளக்கம் எழுதுவோர் உண்டு.

கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களும் இப்பக்கங்களைப் படிக்கிறார்கள் என்பதால் பெயர் சேகரிக்கும் முறையையும் சொல்லவேண்டும். முதலில் படத்தை நீட்டக் கூடாது. படப்புத்தகத்தில் தேன்சிட்டும் கழுகும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அளவு தெரியாமல் நிறத்தை வைத்துத் தப்பான பெயர் வரும். பறவை எங்கே கூடு கட்டும், எதைத் தின்னும், எப்போது வரும், எப்படிக் கத்தும் என்று பேச்சில் தொடங்குங்கள். குரலை அவரையே பாவனை செய்துகாட்டச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். அதன் பிறகு பறவையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள், படம் கடைசி. தரை இருவாச்சியின் ஜூலுப் பெயரைச் சொல்லி 'இதுதானே இன்சிங்கீஸி?' என்று கேட்டால் மரியாதைக்காகவே 'ஆமாம்' என்பார்கள். 'இதை என்னவென்று சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். சிலரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள். மாடு மேய்க்கும் சிறுவர்களுக்குச் சிறு பறவைகளின் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். கதிர் காக்கும் பெண்களுக்குத் தானியம் தின்னும் பறவைகளின் பெயர் தெரியும். பெரியவர் ஒருவரை மட்டும் கேட்டுப் பட்டியலை முடித்தால் பாதி விடுபடும். மொழி, வட்டாரம், பொதுப்பெயரா தனிப்பெயரா, ஒருமை, பன்மை ஆகியவை ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும்.

பன்மை ஏன் என்று கேட்கலாம். ஜூலு, ஷோசா, சுவாஹிலி எல்லாம் அடங்கிய பாண்டு மொழிகளில் பன்மை பெரும்பாலும் சொல்லின் முன்னால் வரும். ருவாண்டாவில் சாம்பல்நிறக் கொண்டைப் பெருங்கொக்கு உமுசாம்பி, பன்மை இமிசாம்பி. இது தெரியாமல் 'இமிசாம்பிகள்' என்று எழுதினால் பன்மைமேல் பன்மை. ஜூலுவில் இன்சிங்கீஸி ஒன்று, இசின்சிங்கீஸி பல. இரண்டையும் இரு வேறு பறவைகளாகப் பட்டியலிட்டுவிடும் ஆபத்து உண்டு. அகரவரிசையில் அடுக்கினால் ஏறக்குறைய எல்லாப் பெயரும் இ, உ என்ற இரண்டு எழுத்துகளுக்குக் கீழே குவிந்து, தேடவே முடியாத அட்டவணையாகும். முன்னொட்டை விட்டு அடிச்சொல்லை வைத்து அடுக்குவதே சரி. இன்சிங்கீஸியைச் சகரத்தில் தேட வேண்டும்.

தமிழ் எழுத்தில் கொண்டுவருவது கடினமென்று ஒதுக்க வேண்டாம், நம் எழுத்து பல இடங்களில் நன்றாகவே கைகொடுக்கிறது. ஊரையே எழுப்பும்படி கத்திக்கொண்டு பறக்கும் ஹடீடா அரிவாள் மூக்கனுக்கு ஷோசாவில் இஙஙானே. ரோமன் எழுத்தில் அந்த மெல்லொலியைக் காட்ட இரண்டு எழுத்தும் ஒரு மேற்குறியும் தேவைப்படுகின்றன. நமக்கு ங ஒன்றே போதும். அதே பறவைக்கு ஜூலுவில் வல்லின ஒலி. 'இங்கங்கானே' என்று எழுதினால் ககரம் குழைந்துவிடும் என்பதால் இன்க்கன்க்கானே என்று எழுதுவது நல்லது. ஜூலு, ஷோசா, சுவாஹிலிச் சொற்களில் கடைசிக்கு முந்தைய அசைதான் பொதுவாக அழுத்தம் பெறும். நெடிலை அங்கே இடுங்கள். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சொடுக்கொலிகளுக்கு நம்மிடம் எழுத்தில்லை. அவற்றில் ஒன்று நாம் உச்சுக்கொட்டும் ஒலியேதான். இங்குங்கூலு என்னும் குட்டைவால் கழுகின் பெயரில் வருவது இன்னும் கனமான, 'டொக்' என்று தெறிக்கும் ஒலி. 'பெயரில் சொடுக்கொலி உண்டு' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மொழிபெயர்க்கும்போது இழப்பது அதிகம் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் தேசியப் பறவையே சான்று. அதை 'நீலக் கொக்கு' என்றால் நம் வாசகர் குளக்கரைக் கொக்கை நினைப்பார். அது பெருங்கொக்கு இனம், புல்வெளியில் வாழ்வது. ஷோசாவில் இன்ட்வே, ஜூலுவில் இன்ட்வா. வீரம் காட்டியவருக்கு ஷோசா தலைவர்கள் அதன் இறகைச் சூட்டினார்கள். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தன் மிக உயர்ந்த விருதுக்கு இசித்வாலான்ட்வே, இன்ட்வே சூடியவர், என்று பெயரிட்டது. 1955-இல் கிளிப்டவுன் மாநாட்டில் முதன்முதலாக அதைப் பெற்ற மூவரில் தென்னாப்பிரிக்க இந்தியர் தலைவர் யூசுப் தாதூவும் ஒருவர். 'நீலக் கொக்கு' என்று மட்டும் அச்சிட்டால் இந்த இணைப்பு எதுவும் தெரியாது.

எங்கள் வேண்டுகோள் சிறியது. படத்தின் கீழே ஒரே வரியில் தமிழ்ப்பெயர், மொழியைக் குறிப்பிட்டு அந்த மண்ணின் பெயர், அறிவியல் பெயர் ஆகிய மூன்றையும் தாருங்கள்: 'தெற்குத் தரை இருவாச்சி, ஜூலுவில் இன்சிங்கீஸி, ஷோசாவில் இன்ட்சிகீசி, புகோர்வஸ் லெட்பீட்டரி'. முதல் இரண்டில் குழப்பம் நேர்ந்தாலும் மூன்றாவது பறவையைப் பிடித்து நிறுத்தும். வழக்கில் பெயரே இல்லாத இனங்களுக்கும், பல இனங்கள் ஒரே பெயரில் அடங்கும் இடங்களிலும் புதுப்பெயர்கள் ஆக்கப்படுகின்றன. 2010-களில் ஜூலு பேசும் பறவை வழிகாட்டிகளும் மொழி ஆய்வாளர்களும் ஒன்றாக அமர்ந்து இந்த வேலையைச் செய்தார்கள். அப்படிப்பட்ட பெயரை அச்சிடும்போது 'புதிதாக ஆக்கப்பட்டது' என்று குறியுங்கள். இல்லாவிட்டால் நாளை ஒருவர் அதைத் தொன்றுதொட்டு வந்த பெயரென்று மேற்கோள் காட்டுவார்.

இப்படிக்கு,
பறவைப் பெயர்களைத் தொகுக்கும் வாசகர்கள்